தூங்காத இரண்டாவது ஆள்

ஆயிரத்து நானூற்று ஏழாம் எண் வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தூங்குவதே இல்லை என்பதை நறுமுகை கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணித் தேநீர் வேளையில். தேநீர் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். இயந்திரம் பீச்சித் தந்த பழுப்புத் தண்ணீர் அது. அதையும் அவள் ஒருத்திதான் குடித்தாள். அலுவலகத்தின் மற்ற பதினொரு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவளும் பார்க்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுச் சுவருக்கு அலுவலகச் சுவர் தேவலை என்று தினமும் மெட்ரோ ஏறி வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெளிக்காற்றை அப்படியே சுவாசிக்க முடியாமல் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிவிட்ட சென்னையில், புதிய அடுக்குமாடிகளுக்குத் திறக்கிற ஜன்னல் கிடையாது. காற்றை வெளியிலிருந்து இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு மின்சாரம் கொள்ளை கொள்ளையாகத் தேவை. ஆகவே ஆள் இருக்கும் அறைக்கு மட்டும், ஆளுக்குத் தக்கபடி மட்டும் காற்று. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவரவர் விடும் மூச்சே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு அறையின் கூரையிலும் கரியமில வாயுவை மோந்து பார்க்கும் ஒரு சின்னக் கருவியும், அது சொன்னபடி திறந்து மூடும் ஒரு காற்றுக் கதவும் இருந்தன.

நறுமுகை அந்தக் கட்டடங்களின் நகலைக் கணினிக்குள் கட்டுவாள். அதில் ஆட்களைக் குடிவைத்து, எழுப்பி, குளிக்க அனுப்பி, சமைக்கவைத்து, சண்டை போட்டால் தனித்தனி அறையில் உட்காரவைத்து, தூங்கவைத்து, எந்த மணிக்கு எவ்வளவு காற்று செலவாகும் என்று கணிப்பாள். கணிப்பும் கருவிகள் காட்டும் அளவும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் கட்டடத்துக்குச் சான்றிதழ். ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும்வரை தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

குடியிருப்பு ஆணையம் இதில் இன்னொரு படி மேலே போயிருந்தது. படிவங்களில் மக்கள் பொய் எழுதுகிறார்கள், செத்தவர்களைச் சாகவிடுவதில்லை, வெளிநாடு போன பிள்ளையை உள்ளூரில் வைத்திருக்கிறார்கள் என்று அலுத்துப்போய், குடியிருப்போர் பதிவேட்டையே தூக்கிவிட்டார்கள். சான்றிதழ் பெற்ற கணிப்பு எத்தனை பேர் என்று சொல்கிறதோ, அந்த வீட்டில் அத்தனை பேர். அவ்வளவுதான். "மூச்சு பொய் சொல்லாது" என்று ஒவ்வொரு லிஃப்டிலும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். இருவர் வீட்டில் ஒருவர் மட்டும் ஆறு மாதம் மூச்சு விட்டால், அவரை ஒற்றையர் தொகுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. நறுமுகை இருப்பதும் அப்படி ஓர் அறையில்தான்.

நாற்பத்தாறு வயது அவளுக்கு. ஒன்பது வாரமாக டி தொகுதியின் இருநூற்று எண்பது வீடுகளும் அவள் கணினியில் குடியிருந்தன. மற்ற வீடுகளெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. இந்த 1407 மட்டும் ராத்திரி ராத்திரி மணிக்கு ஐந்து லிட்டர் கரியமில வாயு கூடுதலாகக் காட்டி இடித்தது. தூங்குகிற மனிதன் குறைவாக மூச்சு விடுவான். இரண்டு பேர் தூங்கினால் கோடு எவ்வளவு இறங்க வேண்டுமோ, அதில் பாதிதான் இறங்கியது. அதாவது ஒருவர் தூங்குகிறார், இன்னொருவர் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்.

"நறு, அந்த டி பிளாக் எப்பதான் முடியும்?" என்று திரையில் வந்து கேட்டார் ஸ்டான்லி. அவர்தான் அவளுக்கு மேலாளர். "ஆணையத்துலேர்ந்து தெனம் ஒரு மெயில் வருது."

"ஒரு வீடு மட்டும் இடிக்குது சார்."

"உப்பு போட்டுப் பார்த்தியா?"

உப்பு என்பது அவர்கள் தொழிலில் புழங்குகிற வார்த்தை. கணிப்பு அளவோடு ஒத்துவராதபோது, காரணம் தெரியாவிட்டாலும் அங்கே கொஞ்சம் கூட்டி இங்கே கொஞ்சம் குறைத்து ருசி பார்ப்பார்கள். வெளியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போடாதவர் எவரும் இல்லை.

"போட்டேன். அப்பவும் வரல. ஒருத்தர் தூங்கறதே இல்ல சார்."

"நைட் ஷிஃப்டா இருக்கும்."

"பகல்லயும் தூங்கல."

"அப்ப நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு. நீதான் ஒண்டிக்கட்டை, எந்த ஊருக்கும் போயிட்டு வரலாம்" என்று சொல்லிச் சிரித்தார் அவர். கெட்ட மனிதர் இல்லை. நறுமுகையும் சிரித்து வைத்தாள்.

உண்மையில் அவளுக்கு அந்த வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. இந்த ஒன்பது வாரத்தில் 1407-இன் கோடுகளை அவள் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேலேயே பார்த்திருந்தாள். கூடத்தில் எப்போதும் ஒருவர். இன்னொருவர் காலையில் சமையலறைக்குப் போவார், வருவார், மதியம் கூடத்திலேயே படுப்பார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள், நாள் தவறாமல். படுக்கையறைக் காற்றுக் கதவு மூடியே கிடந்தது. ஒருவர் உடம்பு முடியாமல் கூடத்திலேயே படுத்திருக்கிறார், மற்றவர் அவரை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர்வதில்லை என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தயிர்சாதம் சாப்பிடுவாள். பொறாமையாக இருந்தது, அதற்கென்ன மூடி மறைப்பது. ஆனாலும் அந்த இரண்டு பேரும் தனக்கும் கொஞ்சம் துணை என்று நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை டி தொகுதியில் போய் இறங்கினாள். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதுக்குள் இருக்கும். ஒடிசலான உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி, அவசரத்தில் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. பெயர் வேதகிரி.

"காத்து கணக்கு எடுக்க வந்திருக்கேன் சார்."

"வாங்கம்மா வாங்க. ஆறு மாசமா இந்தக் கதவத் தட்டினது தண்ணி கேன்காரன் மட்டும்தான். உக்காருங்க, காபி போடறேன்."

கூடத்தில் யாரும் இல்லை. ஒரு சோபா, ஒரு மர நாற்காலி, சுவரோரம் அடுக்கிய பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள். நறுமுகை படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கும் யாரும் இல்லை.

"வீட்ல இன்னொருத்தர் இருக்காங்க இல்ல சார்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "இருந்தார். எங்கண்ணன் தணிகாசலம். தவறி ஏழு மாசம் ஆவுது."

அவள் தலைக்கு மேலே, கூரைக் கொக்கியிலிருந்து ஒரு பித்தளை விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. தூண்டாமணி விளக்கு. மேலே ஒரு சின்ன எண்ணெய்க் குடம், அதிலிருந்து கீழே அகலுக்குத் தானாக எண்ணெய் இறங்கும், யாரும் பக்கத்தில் இருந்து ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு தடித்த திரிகள் எரிந்துகொண்டிருந்தன.

"இது எப்பவுமே எரியுமா சார்?"

"அணைய விட்டதில்ல. அண்ணனுக்கு இருட்டுன்னா ஆவாது. சின்ன வயசுல பாழுங்கெணத்துல வுழுந்து ராத்திரியெல்லாம் உள்ளயே கெடந்தவரு. அதுலேர்ந்து வெளக்கில்லாம படுக்க மாட்டாரு. போனப்புறம் மட்டும் எப்படி இருட்டுல வுடறது?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஆகும்?"

"கால் லிட்டர்கிட்ட ஆவும். ஏம்மா?"

நறுமுகை மனசுக்குள் பெருக்கி வகுத்தாள். மணிக்குப் பத்து கிராம் எண்ணெய். அது எரிந்தால் பதினைந்து லிட்டர் கரியமில வாயு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான மனிதரின் மூச்சும் அதே பதினைந்து லிட்டர்தான். அவளுடைய மென்பொருளில் பூஜை விளக்குக்கு ஒரு வரி உண்டு. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. எவரோ எந்தக் காலத்திலோ எழுதி வைத்தது. அதை இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

ஒன்பது வாரமாகத் தான் துணைக்கு வைத்துக்கொண்டிருந்த ஆள் ஒரு விளக்கு. காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"சார், இந்தக் கட்டடம் மூச்சை வச்சுத்தான் ஆளை எண்ணுது. வெளக்கும் மூச்சு விடற மாதிரிதான் அதுக்குத் தெரியும். உங்க வெளக்கு கரெக்டா ஒரு ஆளு அளவுக்கு விடுது. அதனால இந்த வீட்ல இன்னும் ரெண்டு பேர் இருக்கறதா கணக்கு."

வேதகிரி விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"அப்ப கட்டடத்துக்கு அவரு இன்னும் இருக்காரு!"

"இருக்கார் சார். ஆனா தூங்கறதே இல்ல. அதான் நான் வந்தேன்."

"தூங்க மாட்டாரு. ரெண்டு பேருமா நாப்பது வருஷம் மைக் செட் வச்சிருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங், எல்லாம் ராக்கண்ணு முழிக்கற வேலை. அவருக்குப் பொண்ணு பாத்துப் பாத்து அமையல. அண்ணனுக்கு ஆவாம தம்பிக்கு எப்படிப் பண்றதுன்னு என்னை நிறுத்தி வச்சாங்க. அப்படியே நின்னுட்டேன்." அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். ஊருக்கெல்லாம் கல்யாண மைக் கட்டிய வீட்டில் மேளம் கொட்டாமல் போனது அவருக்கே ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு அவள் மீதியையும் சொன்னாள். விளக்கை விளக்கு என்று எழுதினால் இது ஒருவர் வீடு ஆகிவிடும். ஆறு மாதம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. முப்பது நாளில் ஒற்றையர் தொகுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க இந்த வெளக்க மாட்டறதுக்கு எடம் இருக்குமாம்மா?"

"அங்க வெளக்கு ஏத்தவே அனுமதி கிடையாது சார். சின்ன ரூம், தீ விபத்து பயம்."

அவர் கெஞ்சியிருந்தால் நறுமுகை விதிமுறையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பாள். அவர் கெஞ்சவில்லை. "சரிம்மா. உங்க வேலைய நீங்க பாருங்க. எனக்காக ஒண்ணும் மாத்தி எழுதிடாதீங்க" என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவளைக் கவிழ்த்தது.

மறுநாள் அலுவலகத்தில், 1407-க்கு நேரே, "ஆட்கள்: 2" என்று எழுதினாள். இரண்டாவது ஆளுக்குத் தனியாக ஒரு நாள் அட்டவணை போட்டாள். ஆண். வயது எழுபத்து நான்கு. இருப்பிடம் கூடம். உறக்கம் இல்லை. குறிப்பு என்ற கட்டத்தில் "நாள்பட்ட உறக்கமின்மை" என்று தட்டச்சு செய்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பிழை ஒன்றே முக்கால் சதவீதத்துக்கு இறங்கியது. பத்து நாளில் டி தொகுதிக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஸ்டான்லி கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். தான் எழுதிய ஆள் எண்ணிக்கையை வேறு எந்தெந்தத் துறை எடுத்து எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்று நறுமுகை யோசிக்கவில்லை. அவர்கள் தொழிலில் யாருமே யோசிப்பதில்லை. எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது.

வீடு மாறச் சொல்லிக் கடிதம் வராததிலேயே வேதகிரிக்கு விஷயம் புரிந்திருந்தது. அவள் கொடுத்துவிட்டு வந்த போன் எண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆரம்பித்தார்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"பதினஞ்சு புள்ளி ஒண்ணு சார். நல்லா இருக்காரு."

இன்னொரு வாரம், "பன்னெண்டுதான் காட்டுது. திரி கருகியிருக்கும் பாருங்க" என்பாள் அவள். "அட, ஆமா! அங்க இருந்துக்கிட்டு எப்படிம்மா?" என்று வியந்துபோவார் அவர். அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதில் தொடங்கி அரை மணி நேரம் ஓடும். வாரத்தில் ஆறு நாள் அந்த அரை மணிக்காகவே அவள் இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சான்றிதழ் கொடுத்த பிறகு 1407-ஐத் திறந்து பார்க்க வேண்டிய வேலை எதுவும் அவளுக்கு இல்லை. இருந்தும் தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறந்தாள்.

அப்படித் திறந்த ஒரு புதன்கிழமை, மணி ஒன்பதரை. கூடத்தில் ஒருவர், வழக்கம்போல. குளியலறையில் ஒருவர். சரி, குளிக்கிறார் என்று தேநீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்து நேரக்கோட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். எட்டு மணிக்கும் குளியலறையில் ஒருவர். ஆறு மணிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கும். தள்ளிக்கொண்டே போனாள். குளியலறைக் காற்றுக் கதவு முதல் நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்குத் திறந்தது, இன்னும் மூடவில்லை.

பதினாறு மணி நேரம் ஒரு மனிதர் குளியலறையில் என்ன செய்வார்?

போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தொகுதிக் காவலர் அறைக்கு அடித்தாள். எத்திராஜ் என்பவர் எடுத்தார்.

"1407-ஆ? அலாரம் எதுவும் வரலையே மேடம்."

"ஏன் வரல? குளியலறையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல யாராவது இருந்தா உங்களுக்குச் சொல்லணும் இல்ல?"

"அது தனியாளு வீட்டுக்குத்தான் மேடம். இது ரெண்டு பேரு வீடு. ஒருத்தர் வுழுந்தா இன்னொருத்தர் பாத்துக்குவாருன்னு ரெண்டு பேரு வீட்டுக்கெல்லாம் அந்த ஏற்பாடு போடறதில்ல."

நறுமுகை பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "கதவை உடைச்சுத் திறங்க. இப்பவே. நான் வந்துகிட்டே இருக்கேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது வேதகிரியை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. உதடு வெடித்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. ஜன்னல் திறக்காத, சத்தம் கசியாத கட்டடத்தில் யாருக்குக் கேட்கும். அவளைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார். அவள் குனிந்தாள்.

"நீங்க ஒருத்தர்தாம்மா கவனிச்சீங்க" என்றார். "இத்தனை பேர் இருக்கற கட்டடத்துல, நீங்க ஒருத்தர்தான்."

லிஃப்டுக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே சுவரொட்டி இருந்தது. நறுமுகை அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் திட்டியிருக்கலாம். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம். அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் பேச முடிந்தது. இடையில் ஸ்டான்லியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "சத்தம் போடாம உப்பைக் கொஞ்சம் குறைச்சிடு நறு. உயிருக்கு ஒண்ணும் ஆகல இல்ல" என்றார் அவர். வேலையை விட்டே தூக்குகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வெறுத்திருக்காது.

மருத்துவமனைக் கட்டிலில் வேதகிரி பாதி உடம்பாகத் தெரிந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நன்றி சொன்னீங்க சார். அதை நான் வாங்கிக்க முடியாது. யாரும் வராததுக்குக் காரணமே நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு என்று தான் எழுதியது, அதனால் காவல் ஏற்பாடு இல்லாமல் போனது, இல்லாவிட்டால் ஏழேகால் மணிக்கே எத்திராஜ் கதவைத் தட்டியிருப்பார் என்பது. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வுழுந்தது கட்டடத்துக்குத் தெரியும்."

"நீங்க குளியலறையில இருக்கறது தெரியும் சார்."

"தெரிஞ்சும் சும்மா இருந்துச்சு. அண்ணன் கூடத்துல இருக்காரு, அவரு பாத்துக்குவாருன்னு."

"ஆமா சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த நிமிடம் அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"ராத்திரி பூரா நானும் அதத்தாம்மா நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது. அண்ணே, அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். வெளக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கூப்புட்டேன். விடிகாலையில என்னாச்சு தெரியுமா? அவரு மேல கோவம் வந்துடுச்சு. இவ்ளோ நேரமாக் கூப்புடறேன், எழுந்து வராம ஒக்காந்திருக்காரேன்னு. செத்தவரு மேல கோவப்படறேன்! அப்பதான் எனக்கே பயமாயிடுச்சு. நானும் அந்தக் கட்டடமும் ஒண்ணாயிட்டோம்."

நறுமுகை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தாத கை அது ஒன்றுதான்.

"மாத்தி எழுதிடுங்க. ஒருத்தர்னே எழுதிடுங்க."

"வீடு போயிடும் சார்."

"இந்த இடுப்ப வச்சிக்கிட்டு அவ்ளோ பெரிய வீட்ல நான் என்னா ஓடிப் புடிச்சா வெளையாடப் போறேன்? பத்துக்குப் பன்னெண்டுன்னா வுழுந்தாக்கூடக் கட்டில் மேலதான் வுழணும்." லேசாகச் சிரித்தார், வலித்தது போலும், நிறுத்தினார். "வெளக்கயும் நீங்களே அமத்திடுங்கம்மா. வாயால ஊதிடாதீங்க. திரிய எண்ணெய்க்குள்ள இழுத்தா போதும்."

அன்று பிற்பகலே டி தொகுதிக்குப் போனாள். உடைத்த கதவுக்குப் போட்டிருந்த புதுப் பூட்டின் சாவியை எத்திராஜ் கொடுத்தார். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே பெரியவர் கண்ணால் ஜாடை காட்டினாராம், அதனால் தினமும் குடத்தில் எண்ணெய் நிரப்பி வைத்ததாகச் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில், உள்சுவரில் இருந்த சின்னத் திரை அவள் நுழைந்தபோது "இருப்பவர்: 1" என்று காட்டியது.

கணக்கைத் திருத்த ஆணையம் ஒரு படிவம் வைத்திருந்தது. ஆளின்மைச் சான்று என்று பெயர். கணிப்பாளர் நேரில் வந்து, வீட்டில் ஒருவரும் இல்லை என்பதைத் திரை தொடர்ந்து கால் மணி நேரம் பூஜ்யம் காட்டுவதன் மூலம் உறுதிசெய்து, படம் எடுத்து இணைக்க வேண்டும். அதன் கீழே, தான் முன்பு தெரிந்தே தவறாக எழுதியதையும் ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். வேலை போகும். போகட்டும். இதே மாதிரி வேறு எந்தெந்த வீட்டில் எந்த விளக்கைக் கட்டடம் அண்ணனாகவும் அம்மாவாகவும் எண்ணிக்கொண்டிருக்கிறதோ, அவற்றைத் தேடிப் பார்க்கவாவது யாராவது உட்காருவார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விளக்குச் சங்கிலியில் தொங்கிய ஊசியால் திரிகளை எண்ணெய்க்குள் இழுத்தாள். ஒன்று உடனே அடங்கியது. இன்னொன்று கொஞ்சம் புகைந்துவிட்டு அடங்கியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தணிகாசலத்திடம் வாய்விட்டுச் சொன்னாள். ஒன்பது வாரமும் அதற்கு மேலும் அவளுக்குத் துணையாக இருந்தவர் இல்லையா.

இறங்கி, சோபாவில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அறையில் இருக்கும் காற்று வெளியேறக் கால் மணி நேரம் ஆகும். கால் மணி ஆனது. "இருப்பவர்: 1." அரை மணி ஆனது. அப்போதும் ஒன்று.

எழுந்து போய்த் திரியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துபோயிருந்தது. சமையலறையில் அடுப்பு மூடியிருந்தது. குளியலறை, படுக்கையறை, அலமாரிக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்தாள். கருவிதான் பழுதாகிவிட்டதோ என்று மடிக்கணினியைத் திறந்து நேரடி அளவை எடுத்தாள். கூடம், பதினாறு லிட்டர். விளக்கைவிடக் கொஞ்சம் அதிகம். அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்ததில் சற்று ஏறி, இப்போது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. யார் இது, இத்தனை நேரம் எங்கே இருந்தார் என்று அவள் உண்மையாகவே யோசித்தாள். இருபது வருடமாகக் கட்டடங்களுக்குள் ஆட்களைக் குடிவைத்தவள், அவர்களில் எவரையும் தவறவிடாதவள், ஒரு முழு நிமிடம் உட்கார்ந்து அந்த ஆளைத் தேடினாள்.

பிறகு மூச்சை நிறுத்திப் பார்த்தாள். எவ்வளவு நேரம் நிறுத்த முடியும். விட்டுவிட்டாள்.

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் அது பூஜ்யம் காட்டும். அப்படிப் போய்விட்டால் படிவத்தில் கேட்டபடி நேரில் இருந்து படம் எடுக்க முடியாது. இதை எழுதிய புண்ணியவானுக்கு இது தோன்றவில்லை, இத்தனை வருடம் பூர்த்தி செய்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. மேலே காற்றுக் கதவு மெல்லிய சத்தத்துடன் இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது. அழுகிறவர்களுக்கு மூச்சு அதிகம், அதற்கு அது தெரியும். அந்தக் காற்று முழுவதும் தனக்காகத்தான் வருகிறது என்று தெரிந்த பிறகு, நறுமுகை உடனே எழுந்து போகவில்லை.